அம்மாவுக்குத் தைக்கிற போர்வையை 'சைடு இன்கம்' ஆக்காதீங்க

வீட்ல யாராவது ஒரு கைவேலையை நல்லா செஞ்சுட்டா, அஞ்சு நிமிஷத்துல ஒரு குரல் வந்துடும்: "சூப்பரா இருக்கே, இதை ஏன் நீ விக்கக் கூடாது?" கேக் செஞ்சாலும் இதே கேள்வி, மெஹந்தி போட்டாலும் இதே கேள்வி. பழைய சேலைகளை வெட்டி, ஒட்டுப் போட்டு, பாட்டிக்குன்னு ஒரு போர்வை தைச்சுக் கொடுத்தா இன்னும் சீக்கிரம் வரும். அப்புறம் இன்ஸ்டாகிராம்ல ஒரு பேஜ், ஒரு லோகோ, கூரியர் கவர் ஒரு கட்டு. பாட்டிக்குத் தைச்சவர் மூணே மாசத்துல, முகம் தெரியாத ஆளோட ஆர்டருக்காக ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் தைச்சிட்டு இருப்பார்.

பக்க வருமானம் பத்தி இவ்வளவு பேசுற ஒரு சேனல்ல இருந்து இப்படி ஒரு பதிவான்னு கேக்கலாம். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். குடும்பத்துக்காகப் போர்வை தைக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தா, அதை உங்க பட்ஜெட்ல வருமானப் பக்கம் எழுதாதீங்க. "கடையில வாங்காம மிச்சம் பிடிச்சேன்"னு சேமிப்புப் பக்கமும் எழுதாதீங்க. செலவுப் பக்கத்துல, அன்பளிப்புன்னு ஒரு வரி போட்டு எழுதுங்க. காரணம் கணக்குலதான் இருக்கு. அந்தக் கணக்குக்கு நடுவுல பழவேற்காட்டுக்கும் ஒருமுறை போயிட்டு வரணும். ஊசியும் நூலும் கையுமா பிழைக்கிறவங்க அங்க இருக்காங்க.

ஒரு போர்வையில எத்தனை தையல்?

க்வில்ட்னா பெரிய வித்தை எதுவும் இல்லை. மேல ஒரு துணி, நடுவுல ஒரு அடுக்கு, கீழ ஒரு துணி, மூணையும் சேர்த்துப் பிடிக்கிற ஓட்டுத் தையல். இதுக்கு வங்காளத்துல காந்தான்னு பேரு, பீகார்ல சுஜனி, மகாராஷ்டிராவுல கோதடி, கர்நாடகாவுல கவுதி. பழவேற்காடு ஏரியோட பெரும்பகுதி ஆந்திராவுலதான் இருக்கு. அந்தக் கரையில பேசுற தெலுங்குல, பழைய சேலைகளை அடுக்கித் தைச்ச விரிப்புக்குப் பேரு பொந்த. நம்ம வீடுகள்ல பல நேரம் தனியா ஒரு பேர் கூட வைக்காமலே இது நடந்துடும். குழந்தை பிறந்ததும் பாட்டி பெட்டியத் திறந்து, துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன காட்டன் சேலையை எடுத்து, நாலா மடிச்சு, ஓரத்தை ஓட்டித் தைச்சுப் படுக்கைக்குப் போடுவாங்க. அதுவும் க்வில்ட்தான்.

நம்ம கடற்கரை வெக்கைக்கு உள்ள பஞ்சு வைக்க வேண்டியதே இல்லை. மூணு அடுக்கு பழைய காட்டன் சேலை போதும். மார்கழிப் பனிக்கு அது தாங்கும், மத்த மாசத்துல தரையில விரிச்சுக்கலாம்.

இப்ப கணக்குக்கு வருவோம். 5 அடி அகலம், 7½ அடி நீளம், அதாவது 60க்கு 90 அங்குலம் உள்ள ஒரு போர்வை. அரை அங்குலத்துக்கு ஒரு வரிசைன்னு நீளவாக்குல தைச்சா 120 வரிசை. ஒவ்வொண்ணும் 90 அங்குலம். மொத்தம் 10,800 அங்குலம், அதாவது 900 அடி. அங்குலத்துக்கு அஞ்சு தையல்னு வச்சா, ஒரு போர்வைக்கு 54,000 தையல்.

கை நல்லா பழகினவங்களுக்கு ஒரு வரிசைக்கு 20 நிமிஷம்னு வச்சுக்குவோம். 120 வரிசைக்கு 40 மணி நேரம். துணியைத் துவைச்சு, வெட்டி, துண்டு சேர்த்து, ஓரம் மடிச்சு முடிக்க இன்னொரு 20 மணி நேரம். மொத்தம் 60 மணி. உங்க சம்பளம் மாசம் ரூ.30,000, மாசத்துக்கு 200 மணி நேரம் வேலைன்னா, உங்க ஒரு மணி நேரம் ரூ.150. அந்தக் கணக்குல போர்வையோட கூலி மட்டும் ரூ.9,000.

அது ஐடி கணக்குன்னு தோணினா, நூறு நாள் வேலைக் கூலியிலயே பார்ப்போம். 2025-26ல தமிழ்நாட்டுக்கு நாளுக்கு ரூ.336. அறுபது மணிங்கிறது எட்டு எட்டு மணியா ஏழரை நாள். ரூ.2,520. இதுல நூல், ஊசி, புதுசா வாங்கின அடித்துணி எதுவும் சேரல. அதுக்கு ஒரு ரூ.700 வச்சுக்கலாம்.

இப்ப மெஷின்ல தைச்ச சாதாரண போர்வை ஒண்ணு ஆன்லைன்ல ரூ.1,200க்குக் கிடைக்குதுன்னு வைங்க. அதே விலைக்கு நீங்க வித்தா, சாமான் செலவு போக கையில ரூ.500. அறுபது மணி நேரத்துக்கு! மணிக்கு எட்டு ரூபா சொச்சம். சரி, கைவேலைன்னு சொல்லி ரூ.3,000க்கு வித்தாலும் மணிக்கு ரூ.38தான், அதுலயும் பேக்கிங், கூரியர் இன்னும் கழிக்கணும். இதுக்குப் பேரு வருமானமா? "கடையில வாங்காம ரூ.500 மிச்சம்"னு சொல்றதும் இதே எட்டு ரூபாயத்தான் வேற பக்கத்துல இருந்து சொல்றது.

ஒரு விஷயத்தை இங்க நேர்மையா பேசணும். "என் ஒரு மணி நேரம் ரூ.150, அதனால நான் தைக்கிறதே நஷ்டம்"னு சொல்றவங்க இருக்காங்க. அந்தக் கணக்கும் தப்பு. ராத்திரி ஒன்பது மணிக்கு உங்க நேரத்துக்கு ரூ.150 கொடுக்க யாராவது காத்துட்டு இருந்தாத்தான் அது நஷ்டம். பெரும்பாலும் அந்த மணி நேரம் ரீல்ஸுக்குப் போகுது, அதோட விலை பூஜ்யம். ஆனா ஒரு சர்டிஃபிகேஷன் படிக்க வேண்டிய மூணு மாசத்தையோ தூக்கத்தையோ போர்வை தின்னுச்சுன்னா, அப்ப நிஜமாவே விலை கொடுக்கறீங்க. எதை விட்டுட்டு இதைச் செய்யறோம்னு பார்த்தாலே போதும். சம்பளத்தை மணியால வகுத்துப் பார்த்து குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம்.

கரையில இருக்கிற ஊசியும் வீட்டு ஊசியும்

பழவேற்காடு சென்னையில இருந்து வடக்கே, பொன்னேரி தாண்டி. ஞாயித்துக்கிழமை பைக்ல கிளம்பி, படகுல ஒரு சுத்து, நண்டு வறுவல், சீசன்ல பூநாரைன்னு போயிட்டு வர்ற இடமாத்தான் உங்கள்ல பல பேருக்குத் தெரியும். அந்தப் பக்கத்து மீனவக் குப்பங்கள்ல இருந்தே எண்ணூர், காட்டுப்பள்ளி, ஸ்ரீசிட்டின்னு வேலைக்குப் போய் மாசச் சம்பளம் வாங்குறவங்களும் இதைப் படிப்பீங்க. உங்களுக்கு நான் சொல்லப் போற காட்சி புதுசு இல்லை.

கரையில, நிழல் இருக்கிற இடத்துல, கால் கட்டைவிரல்ல வலையை மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, வலை ஊசியால கிழிசலைப் பின்னிட்டு இருப்பாங்க. நண்டு கடிச்ச ஓட்டை, கல்லுல சிக்கின கிழிசல். அதுவும் மணிக்கணக்கா உக்கார்ற வேலைதான், யாரும் கூலி கொடுக்கறதில்லை. ஆனா அந்த வலை நாளைக்குத் தண்ணிக்குள்ள போய் மீனோட வரும். கணக்குப் புத்தக மொழியில சொன்னா அது தொழில் சொத்தோட பராமரிப்பு. பின்னாம விட்டா வருமானம் குறையும்.

நீங்க தைக்கிற போர்வை திரும்ப எதையும் கொண்டு வராது. அம்மா போத்திக்குவாங்க, துவைப்பாங்க, பத்து வருஷத்துல நைஞ்சு போகும். அது நுகர்வு. ரெண்டும் ஊசி நூல் வேலையா இருக்கறதால ஒரே பெட்டியில போட்டுடக் கூடாது. இந்த ரெண்டையும் குழப்பற இடத்துலதான் காசு போகுது: "இது முதலீடு"ன்னு சொல்லிக்கிட்டு மெஷினும் துணியும் வாங்கிக் குவிக்கிறோம்.

அதே ஊர்ல மூணாவதா ஒரு வகை இருக்கு. பழவேற்காட்டுப் பெண்கள் பனை ஓலைக்குச் சாயம் போட்டு, கீத்துக் கீத்தா கிழிச்சு, பெட்டி, கூடை, தட்டுன்னு பின்னி விக்கிறாங்க. அவங்களுக்கு இது ஹாபி இல்லை, வீட்டுச் செலவுக்கான காசு. நீங்க ஞாயித்துக்கிழமை போய், கையில எடுத்துப் பார்த்து, "ஓலைதானே, இவ்வளவா?"ன்னு கேக்கறது இவங்ககிட்டத்தான்.

இந்தப் பதிவுல நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறது இதுதான். கைவேலைக்குச் சந்தையில என்ன விலைங்கிறதை முடிவு பண்றது, இருக்கிறதிலேயே குறைஞ்ச விலைக்குக் கொடுக்கத் தயாரா இருக்கிற ஆள். மாசச் சம்பளம் வர்ற நீங்க, "எனக்கு இது ஜாலிதான், லாபம் வேண்டாம், சாமான் செலவு வந்தா போதும்"னு ஒரு போர்வையை ரூ.1,500க்குப் போட்டா, உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனா அதே வேலையில பிழைக்கிற பெண் ரூ.4,000 கேட்டா வாங்குறவர் உங்க பேஜைக் காட்டுவார். உங்க பொழுதுபோக்குக்கு ஆபீஸ் சம்பளம் மானியம் கொடுக்குது. அவங்களுக்கு அந்த மானியம் கிடையாது. பெரிய கம்பெனிகள் நஷ்டத்துக்கு வித்து சின்னக் கடைகளை மூட வைக்கிறதைப் பத்தி நாம வீடியோ போட்டுத் திட்டறோம். இது அதோட சின்ன வடிவம்.

அதனால விக்கறதுன்னு முடிவு பண்ணா, முழுக் கூலி போட்டு வில்லுங்க. அந்த விலைக்கு ஆள் வரலைன்னா விக்காதீங்க, வீட்டுக்குத் தைங்க. நடுவுல நின்னு பாதி விலைக்குக் கொடுக்கறதுதான் யாருக்கும் நல்லதில்லாத வேலை.

பழவேற்காட்டுக்கு இது பழைய பாடம்தான்னு தோணுது. 1613ல டச்சுக்காரங்க அங்க கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. அவங்க தேடி வந்தது துணியை. இந்தோனேசியத் தீவுகள்ல கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க, சோழமண்டலக் கரையோட துணிதான் பணம் மாதிரி செல்லுபடி ஆச்சு. மலேசியாவுல இன்னைக்கும் கட்டம் போட்ட கைலிக்கு "காயின் பெலிக்காட்"னு பேரு, பெலிக்காட்ங்கிறது பழவேற்காடுதான். அவ்வளவு தூரம் பேர் போன துணி. ஆனா இந்தக் கரையில நெசவு நடந்த விதம் என்ன? வியாபாரி முன்பணம் கொடுப்பார், நெசவாளி அதுக்குத் துணி நெஞ்சு தீர்ப்பார். பணத்தை முதல்ல வாங்கினதுக்கப்புறம் எந்த அளவு, எந்த நிறம், எந்த நாள்ங்கிறது நெசவாளி கையில இல்லை. இன்ஸ்டாகிராம்ல ஆர்டருக்கு 50 சதவீத அட்வான்ஸ் வாங்கறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். அட்வான்ஸ் வாங்கின அன்னைக்கு நீங்க கடன்காரர். திருப்பித் தர வேண்டியது காசு இல்லை, ஞாயித்துக்கிழமைகள்.

ஆர்டருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு

ஆர்டரும் ஹாபியும் ஒண்ணா ஓடவே முடியாதான்னா, முடியும். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு கிராமம், கறுப்பின மக்கள் வாழற ஊர். அங்க பெண்கள் தலைமுறை தலைமுறையா, நைஞ்சு போன வேலைச் சட்டை, ஜீன்ஸ் துண்டுகளை வச்சு வீட்டுக்கு க்வில்ட் தைச்சாங்க, குளிருக்கு வேற வழி இல்லாததால. 1966ல அந்தப் பகுதிப் பெண்கள் சேர்ந்து "ஃப்ரீடம் க்வில்டிங் பீ"ன்னு ஒரு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க. ஓட்டுரிமை கேட்டதுக்காக வேலையையும் வீட்டையும் இழந்தவங்க இருந்த ஊர் அது. அந்த வருமானம் அவசியமா தேவைப்பட்டுச்சு. 1972ல சியர்ஸ் கம்பெனியோட ஒப்பந்தம் வந்தது, கார்டுராய் துணியில தலையணை உறை. அளவு ஒண்ணு, தையல் ஒண்ணு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்.

அந்த ஆர்டர்ல வெட்டி மிச்சமான கார்டுராய் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், ராத்திரியில தங்களுக்குப் பிடிச்ச மாதிரி, கோணலும் மாணலுமா தங்கள் வீட்டு க்வில்ட்களைத் தைச்சாங்க. 2002ல ஹூஸ்டன் அருங்காட்சியகத்துலயும் அப்புறம் நியூயார்க் விட்னியிலயும் சுவர்ல மாட்டி உலகமே பார்த்தது, ஜீஸ் பெண்ட் பெண்கள் வீட்டுக்குன்னு தைச்ச க்வில்ட்களைத்தான். 2006ல அமெரிக்கத் தபால்தலையிலயும் அவை வந்துச்சு. சம்பளத்துக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்குன்னு அவங்க பிரிச்சு வச்சிருந்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நீங்க ஏற்கெனவே அந்த நிலையிலதான் இருக்கீங்க: உங்க தலையணை உறை ஆர்டர்தான் ஆபீஸ். அதுக்கு மேல இன்னொரு ஆர்டரை வீட்டுக்குள்ள ஏன் கொண்டு வரணும்?

வட கர்நாடகாவுல, எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி மக்கள் தைக்கிற கவந்திப் போர்வையில நாலு மூலையிலயும் முக்கோணமா மடிச்ச துணித்துண்டு வச்சுத் தைப்பாங்க. அதுக்குப் பேரு பூலா, பூன்னு அர்த்தம். அது இல்லாம போர்வை முடிஞ்சதா ஒத்துக்க மாட்டாங்க. அதால ஒரு பிரயோஜனமும் கிடையாது, சூடும் தராது. விலைக்குத் தைக்க ஆரம்பிச்சா, நேரத்தைக் குறைக்க நீங்க முதல்ல வெட்டறது அந்தப் பூவைத்தான்.

செலவுன்னு எழுதினா, எவ்வளவு?

செலவுன்னு ஒத்துக்கிட்டா ஒரு நல்லது: அதுக்கு ஒரு வரம்பு வைக்கத் தோணும். நான் சொல்றது, கைக்கு வர்ற சம்பளத்துல ஒரு சதவீதம். ரூ.30,000னா மாசம் ரூ.300, வருஷத்துக்கு ரூ.3,600. மேல போட்ட கணக்குப்படி அஞ்சு போர்வைக்குச் சாமான் செலவு வந்துடும். வருஷத்துக்கு அஞ்சு போர்வை தைச்சு முடிக்கிற ஆளை நான் இன்னும் பார்த்ததில்லை, அதனால பட்ஜெட் மிச்சமே ஆகும்.

ஆனா ஹாபிக்காரங்க பணம் போற இடம் நூல் இல்லை. ரோட்டரி கட்டர், வெட்டுறதுக்குப் பாய், அளவுக்கோல் செட், ஜப்பான் பிரிண்ட் துணி, அப்புறம் "எதுக்கும் இருக்கட்டும்"னு வாங்கி அலமாரியில அடுக்கின துணி. கடைசியா எம்பிராய்டரி வசதியோட ஒரு மெஷின், நோ காஸ்ட் இஎம்ஐல. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிருச்சு. கிரெடிட் கார்டுல எடுக்கிற நோ காஸ்ட் இஎம்ஐல வட்டியைத் தள்ளுபடியா சரிக்கட்டுவாங்க. ஆனா அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், பல கார்டுகள்ல ப்ராசஸிங் கட்டணமும் உங்க தலையிலதான். தொகை சின்னதா இருக்கலாம். என் ஆட்சேபம் அதுல இல்லை. கடன்ல வாங்கின மெஷின் சும்மா இருந்தா மனசு உறுத்தும், உறுத்தினா "இஎம்ஐயாவது வரட்டும்"னு ஆர்டர் எடுப்பீங்க, திரும்ப அந்த மணிக்கு எட்டு ரூபா. முதல் மூணு போர்வையைக் கையாலயே தைங்க. அதுக்கப்புறமும் ஆசை இருந்தா, காசு சேர்த்து சாதா மெஷினை மொத்தமா வாங்குங்க.

இன்னொண்ணும் இருக்கு, கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கும். அம்மாவுக்குப் போர்வை தைக்கிறவர், அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்திருக்காரான்னு கேளுங்க. ஆபீஸ் பாலிசியில அப்பா அம்மா பேர் இருக்குன்னு சொல்லுவார். வேலை மாறினா அந்தப் பேரும் போயிடும். 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதனால "வரியே 18 சதவீதம்"ங்கிற சாக்கும் இப்ப இல்லை. அறுபது மணி நேரப் பாசத்தைப் பார்த்து ஆஸ்பத்திரி பில் குறையாது.

குப்பத்துல இருந்து வேலைக்கு வந்தவங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. அம்மா மீனவ மகளிர் கூட்டுறவு சங்கத்துல உறுப்பினரா இருந்தா, சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்துல அவங்க பேர் இருக்கான்னு பாருங்க. அவங்க பங்கா ரூ.1,500 கட்டினா, அரசு ரூ.3,000 சேர்த்து, மீன் வரத்து குறைஞ்ச மாசங்கள்ல ரூ.4,500ஆ திரும்பக் கொடுக்கிற திட்டம் அது. போட்ட காசு மூணு மடங்கா வர்ற ஃபண்டு எதையும் நான் சேனல்ல இதுவரை சொன்னதில்லை, இனிமேலும் சொல்ல மாட்டேன்! தவணை விட்டுப் போகாம கட்டிக் கொடுங்க. போர்வை அடுத்த வருஷம் கூடத் தைக்கலாம்.

சரி, முழுக் கூலி கொடுத்து வாங்க நிஜமாவே ஆள் இருக்கு, விக்கத்தான் போறேன்னா, ரெண்டு விஷயம். அந்தக் காசு தொழில் வருமானம். சம்பளம் மட்டும் இருக்கிறவங்க போடற ஐடிஆர்-1 உங்களுக்கு இனி செல்லாது, ஐடிஆர்-3 இல்லைன்னா 4க்குப் போகணும். ரெண்டாவது, ஆஃபர் லெட்டரை எடுத்து, வெளி வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. 2022ல போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததா சொல்லி விப்ரோ 300 பேரை அனுப்பினது ஞாபகம் இருக்கும். போர்வை தைக்கிறது அதே ரகம் இல்லைதான், இருந்தாலும் ஹெச்.ஆர்.கிட்ட ஒரு மெயில்ல கேட்டு வச்சுக்கிறது நல்லது.

யாருக்கு முதல்ல?

வீட்டுக்குத் தைக்க ஆரம்பிச்சா வர்ற நிஜப் பிரச்சினை இது. அம்மாவுக்கு ஒண்ணு கொடுத்தா அத்தை கேப்பாங்க, அத்தைக்குக் கொடுத்தா மாமியார் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அது இன்னும் ஆபத்து. வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் முடியும்னா யாரை முன்னாடி வைக்கிறது?

பழவேற்காடு ஏரியில இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. நல்லா மீன் கிடைக்கிற இடத்தை ஒருத்தரே பிடிச்சுக்கக் கூடாதுன்னு, உரிமை உள்ளவங்களுக்குள்ள சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த முறைன்னு பிரிச்சுக்குவாங்க. பாடுன்னு பேரு. அந்தப் பாடு உரிமை எல்லாச் சமூகத்துக்கும் கிடைக்கிறதில்லைங்கிற சிக்கல் அதுல உண்டு, அதைப் பத்தி ஆராய்ச்சிகளும் வந்திருக்கு. ஆனா உரிமை இருக்கிறவங்களுக்குள்ள, யாரும் யாரையும் "நீ அவனுக்குத்தான் கொடுப்பே"ன்னு சொல்ல முடியாது. பொங்கலுக்கு எல்லாரும் கூடறப்ப பேர் எழுதிச் சீட்டுப் போடுங்க. வந்த வரிசையை ஃபேமிலி குரூப்ல போட்டுடுங்க. முறை வர்றவங்க தங்களோட பழைய சேலை ரெண்டை அவங்களே கொடுக்கணும்னு ஒரு விதியும் சேர்த்துக்கலாம், சாமான் செலவு இன்னும் குறையும்.

ஆரம்பிக்கிறதுக்கு நல்ல சமயம் போகிக்கு ஒரு வாரம் முன்னாடி. அலமாரியக் காலி பண்ணி எரிக்கவும் போடவும் எடுத்து வைக்கிற துணிகள்ல இருந்து காட்டனை மட்டும் பிரிச்சு எடுத்துக்குங்க. பாலியஸ்டரையும் பட்டையும் காட்டனோட சேர்த்துத் தைக்காதீங்க, துவைச்சா ஒண்ணு சுருங்கும், ஒண்ணு சுருங்காது, போர்வை அப்பளம் மாதிரி ஆயிடும். எடுத்த சேலைகளை ஒருமுறை வெந்நீர்ல அலசிக் காய வைங்க. இழுத்தா பிரியற இடத்தையெல்லாம் வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தை எடுங்க. நூலும் காட்டன் நூலாவே இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு வரிசைன்னு பொங்கல் முடிஞ்சு தைக்க ஆரம்பிச்சா, 120 வரிசை சித்திரைக்கும் வைகாசிக்கும் நடுவுல முடிஞ்சிடும். அப்ப யாருக்கும் போர்வை தேவைப்படாது. மடிச்சு வச்சு மார்கழியில கொடுங்க.